ஒரு சாண் லாரி

வெனிலாவின் மேஜைமேல் எப்போதும் யாராவது ஒருவருடைய பல் இருக்கும்.

விழுப்புரத்தில் ஒரு பல் லேபில் பத்தொன்பது வருடமாக அவள் பல்செட் செய்துகொண்டிருக்கிறாள். டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் ஈறு வைத்து, பல் அடுக்கி, பிறகு மெழுகை உருக்கிவிட்டு அந்த இடத்தில் ரோஸ் நிற அக்ரிலிக் மாவைக் குழைத்து அடைத்து, வேக வைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பிவிடுவாள். முகம் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுக்கிறவள். தன்னுடைய சிரிப்பை மட்டும் இரண்டு வருடத்துக்கு முன்னால் தொலைத்துவிட்டிருந்தாள்.

அது எப்படித் தொலைந்தது என்பதற்கு முன், பூமாலை என்கிற பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒலக்கூர்க்காரர். ஒரு நாள் பல்செட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேராக லேபுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இவ்ளோ வெள்ளயா செஞ்சி வெச்சிக்கிற? வாயத் தொறந்தா ஊரே சிரிக்குது. ரெண்டாங் கல்யாணமான்னு கேக்கறானுங்க!"

"பண்ணிக்கினா என்னா தாத்தா?"

"பண்ணிக்கலாம். ஊட்ல இருக்கறவகிட்ட யாரு பர்மிஷன் வாங்கறது? நீ வாங்கித் தர்றியா?"

வெனிலா சிரித்துக்கொண்டே அந்தப் பற்களுக்கு லேசாக வெற்றிலைக் காவி ஏற்றினாள். ஓரத்துப் பல் ஒன்றை மயிரிழை அளவு தேய்த்துக் குட்டையாக்கினாள். பெரியவர் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "ஆங்! இப்பதான் இது என் வாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுசாக இருப்பதெல்லாம் பொய், கறை படிந்தால்தான் உயிர் என்று வெனிலாவின் மனதில் அன்று ஒரு நம்பிக்கை ஊன்றிக்கொண்டது.

அதே லேபில் வேலை பார்க்கும் ஸாலிஹா கோட்டக்குப்பத்துக்காரி. வெனிலாவை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள் விற்கிற கடை ஒன்றில் இருக்கிறார். விமானம், கப்பல், லாரி என்று எல்லாமே சின்னச் சின்னத் துண்டுகளாகப் பெட்டியில் வரும். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே முழுசாக்க வேண்டும். ஒரு தடவை அவர் பெட்டி நசுங்கியதால் விற்காமல் கிடந்த ஒரு கிட்டைக் கொண்டுவந்தார். ஸாலிஹா அதைத் தூக்கி வெனிலாவிடம் கொடுத்துவிட்டாள்.

"பல்ல அடுக்கறவளுக்கு இது என்னா பிரமாதம்? நீயே வெச்சிக்க. எங்க ஊட்ல இருந்தா பேரப் புள்ளைங்க முழுங்கிடும்."

அப்படித் தொடங்கியதுதான். ஒன்பது வருடத்தில் வெனிலா முப்பது கிட்டுக்கு மேல் செய்துவிட்டாள். ஈறு செதுக்கும் கத்தியே துண்டுகளின் பிசிறு சீவவும் உதவியது. செல்போனில் வீடியோ பார்த்து, பெயிண்டைக் காற்றில் தூவுகிற ஏர் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் கைக்கென்றே வந்த வித்தை வெதரிங். பெயிண்ட் அடித்த புது வண்டியை வெயிலிலும் மழையிலும் பத்து வருடம் ஓடிய வண்டியாக மாற்றுகிற வேலை அது. கறுப்பு பெயிண்டைத் தண்ணியாகக் கரைத்து இடுக்குகளில் ஓட விடுவாள். கிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றித் துரு வைப்பாள். மண்ணைத் துணியில் சலித்து டயரில் தூவுவாள். மாடல் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் அவளும் இருந்தாள். பெங்களூர்க்காரர்களும் கொச்சிக்காரர்களும் அவள் துருவைப் பார்த்துவிட்டு எந்தக் கம்பெனி பவுடர் என்று கேட்பார்கள். திண்டிவனம் ரோடு ஓரத்து மண் என்று அவள் பதில் போடுவாள். யாரும் நம்ப மாட்டார்கள்.

கல்யாணம் அவளுக்கு அமையவில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாக அழுததும் இல்லை. அவளுக்கு அண்ணன் இருந்தான். மரிய அருண். அவள் பதினோரு வயதில் தாயையும் தகப்பனையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தபோது அவனுக்கு வயது பத்தொன்பது. அடுத்தவன் லாரியில் கிளீனராக ஓடி, டிரைவராகி, தங்கையைப் படிக்க வைத்து, பிறகு சொந்தமாக ஒரு நீல மினி லாரி வாங்கினான். முகப்பில் 'மாதா துணை' என்று எழுதினான். திண்டிவனம் சுற்று வட்டாரத்தில் மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையை மூட்டையாக ஏற்றி விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுவருவான். வந்தால் தங்கையின் லேப் வாசலில் வண்டியை நிறுத்தாமல் போக மாட்டான். மத்தியானம் பன்னிரண்டு, ஒரு மணி இருக்கும். வண்டி முழுக்கச் செம்மண் அப்பிக்கிடக்கும்.

"பாப்பா, இந்தா. பச்ச மல்லாட்டை. வேக வெச்சித் தின்னு. மெலிஞ்சிக்கினே போற."

"நீதான் அண்ணே மெலிஞ்சிட்ட. அண்ணி சோறு போடறாங்களா இல்லியா?"

"போடறா போடறா. கூடவே திட்டும் போடறா. ரெண்டும் சேந்து செரிச்சிடுது." சிரிப்பான். மேஜையில் இருக்கும் மாடல்களைக் குனிந்து பார்ப்பான். "ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் செய்யற. என் வண்டிய எப்போ செய்வ?"

"உன் வண்டிக்கெல்லாம் ஜப்பான்காரன் கிட் போட மாட்டான்."

"அவன் போடலன்னா நீ போடு!"

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மத்தியானம், திண்டிவனத்தில் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மரிய அருண் சாயந்திரம் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொன்பது வயது. மாரடைப்பு என்றார்கள்.

அண்ணி அமலா அன்று அழவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை. மறுநாளிலிருந்து ஒரு காரியம் செய்தாள். வாசலில் நின்ற லாரியில் ஏறி, டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். காலையில் ஏறினால் சாயந்திரம்தான் இறங்குவாள். மடியில் ஒரு துணி இருக்கும். அதை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். மகள் புனிதா கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். தெருவில் பேச ஆரம்பித்தார்கள். பைத்தியம் பிடிக்கிறது என்றார்கள். வண்டி கண்ணெதிரே நிற்கிற வரைக்கும் அவள் தேற மாட்டாள் என்றார்கள்.

வெனிலா பயந்துபோனாள். அண்ணனைக் கொடுத்தாகிவிட்டது, அண்ணியையும் கொடுத்துவிடுவோமோ என்கிற பயம். வந்த காகிதத்திலெல்லாம் அமலா படிக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. லாரி விற்கிற காகிதத்தையும் வெனிலா அவற்றோடு வைத்தாள். முப்பதாம் நாள் பூசைக்கு எல்லோரும் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், வாங்கியவன் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பூசை முடிந்து வந்த அமலா வாசலைப் பார்த்தாள். நான்கு டயர் நின்ற இடத்தில் நான்கு பள்ளம் இருந்தது. வெனிலாவின் பக்கம் திரும்பினாள்.

"என் புருசன ரெண்டாவது தபா தூக்கிக்கினு போயிட்டியே! நீ இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

அதுதான் கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வெனிலா கொடுத்தனுப்பிய புடவை, மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. புனிதா மட்டும் பாண்டிச்சேரியில் நர்ஸிங் படித்துக்கொண்டே, அம்மாவுக்குத் தெரியாமல் அத்தையிடம் பேசுவாள்.

வெனிலா அந்த லாரியைத் திரும்ப வாங்கிக் கொண்டுபோய் வாசலில் நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். விசாரித்துப் போனாள். வாங்கியவன் வேறொருவனுக்குக் கொடுத்திருந்தான். அந்த வேறொருவன் இன்ஜினைத் தனியாக, பாடியைத் தனியாகக் கழற்றி விற்றுவிட்டிருந்தான். ஒரு ஷெட்டின் மூலையில் நீலக் கதவு ஒன்று மட்டும் கிடந்தது. அதுவும் அண்ணன் வண்டிக் கதவு இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு அண்ணன் குரல் கேட்டது. அவன் போடலன்னா நீ போடு.

*

ஸாலிஹாவின் வீட்டுக்காரர் ஜப்பான் மினி லாரி கிட் ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பினார். நிஜ வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. முடித்தால் ஒரு சாண் நீளம் வரும். ஆனால் அண்ணன் வண்டியின் முகம் வேறு. வெனிலா கிட்டின் முகப்பை அறுத்து எடுத்துவிட்டு, போனில் இருந்த போட்டோக்களை வைத்துப் புது முகப்பை மெழுகில் செதுக்கினாள். பல்செட் செய்கிற அதே முறையில் அச்செடுத்து, அதே ரோஸ் அக்ரிலிக்கில் வார்த்தாள்.

ஸாலிஹா எட்டிப் பார்த்தாள். "அல்லாவே! லாரிக்கு ஈறு மொளச்ச மாதிரி இருக்குதே."

"நீலம் அடிச்சா சரியாப் பூடும்க்கா."

"இத்தினி பாடுபட்டுக்கினு செய்யறியே, உங்க அண்ணி வாங்கிக்குவாங்களா? தூக்கி மூஞ்சில அடிச்சிட்டா?"

வெனிலா முகப்பின் பிசிறைச் சீவிக்கொண்டே சொன்னாள். "அடிக்கட்டும்க்கா. அடிச்சா ஒரு வார்த்த திட்டுவாங்க இல்ல? அந்த ஒரு வார்த்த போதும். எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு வீடுதான்."

ஸாலிஹா தன் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜல்தி முடி" என்று மட்டும் சொன்னாள்.

ஏழு மாதம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்த சாயந்திரங்களிலும் செய்தாள். பலகைக் கதவுகள், கயிறு கட்டும் கொக்கிகள், முகப்பில் அரிசியளவு எழுத்தில் 'மாதா துணை'. நீலம் அடித்து, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் ஏற்றிய நாளில் வண்டி அப்படியே ஷோரூமிலிருந்து வந்தது போல் நின்றது. வெனிலாவுக்குத் திருப்தி இல்லை. உயிர் வரவில்லை.

அந்த உயிருக்காக ஒரு நாள் பெருமுக்கல் வரை போனாள். அண்ணன் மூட்டை ஏற்றும் வழியில் மண் எடுத்து வந்தாள். காய வைத்து, மெல்லிய துணியில் சலித்தாள். மல்லாட்டைத் தோலை நுணுக்கித் தளத்தில் தூவினாள். சக்கரத்துக்கு மேலே சேறு தெறித்த தடம், கதவு ஓரங்களில் துரு, கண்ணாடியில் வைப்பர் ஓடிய அரை வட்டம் தவிர மற்ற இடமெல்லாம் தூசி. போட்டோவில் இருந்த ஒரு கறையையும் விடவில்லை. அவள் போனில் இருந்த எல்லாப் போட்டோவும் லேப் வாசலில் மத்தியான வேளையில் எடுத்தவை.

குரூப்பில் படம் போட்டாள். கொச்சிக்காரர் ஒருவர், "சகோதரி, இதைத் தொட்டால் என் விரலில் மண் ஒட்டும் போலிருக்கிறது" என்று எழுதினார். உண்மையிலேயே ஒட்டும். கடைசியாக அடிக்க வேண்டிய, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தால்தான் மண்ணும் தூசியும் நிலைக்கும். அது அடைமழைக் காலம். ஈரக்காற்றில் அந்த வார்னிஷ் வெள்ளையாகப் பூத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வெயில் வரட்டும் என்று காத்திருந்தாள். வெயில் வருவதற்குள் நவம்பர் இரண்டு வந்துவிட்டது. கல்லறைத் திருநாள்.

அந்த நாளை விட்டால் அண்ணியை நேருக்கு நேர் பார்க்க வேறு வழி கிடையாது. வெனிலா வண்டியை அட்டைப் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்து, வழியில் ஏதாவது உதிர்ந்தால் தொட்டுச் சரிசெய்ய நீல பெயிண்ட், தின்னர், உப்புத்தாள், மண் டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை மடியில் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள்.

*

முதல் நாள் பெய்த மழைக்கு அன்று காலை பளிச்சென்று விடிந்திருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம். புல் பிடுங்குகிறவர்கள், சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், சாமந்திப் பூவைக் கிலோ கணக்கில் கொட்டிச் சிலுவை வரைகிறவர்கள். சாயந்திரம் பாதர் வந்து மந்திரிப்பதற்குள் ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைப் புதுசாக்கிவிட வேண்டும்.

அண்ணன் கல்லறை ஓரத்தில் அமலா மண்டியிட்டு, வாளித் தண்ணீரில் துணியை நனைத்துக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. புனிதா பூ உதிர்த்துக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்ததும் எழுந்து, "அம்மா..." என்றாள். அமலா திரும்பிப் பார்த்தாள். மறுபடி கல்லைத் துடைக்கப் போய்விட்டாள்.

வெனிலா எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து, பஞ்சை விலக்கி, வண்டியை எடுத்துக் கல்லறை ஓரத்தில் வைத்தாள்.

துடைக்கிற கை நின்றது.

அமலா பார்த்தாள். முகப்பைப் பார்த்தாள். 'மாதா துணை'யைப் பார்த்தாள். பலகைக் கதவைப் பார்த்தாள். வெனிலா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். மாதாவே, ஒரே ஒரு வார்த்தை.

"இது யாரு வண்டி?" என்றாள் அமலா.

இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். வெனிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அண்ணன் வண்டி, அண்ணி."

"உங்கண்ணன் வண்டியா? உங்கண்ணன் வண்டியில அழுக்கா?" குரல் ஏறியது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எத்தினி நாளு எங்கூட்டு வாசல்ல பாத்துக்கிற இந்த வண்டிய? கழுவாம ஒரு நாளு வாசல்ல நின்னிருக்குதா? ஊட்டுக்குள்ள கால வெக்கறதுக்கு மின்ன பத்து வாளித் தண்ணி ஊத்துவாரு. நான் ஒருத்தி சோத்தப் போட்டுக்கினு குந்தியிருப்பேன், அவரு டயர தேச்சிக்கினு இருப்பாரு. சேறும் துருவுமா கொண்டாந்து வெச்சிக்கிறியே... அவரு மானத்த வாங்கறதுக்கா?"

வெனிலா பார்த்ததெல்லாம் விழுப்புரத்து மத்தியான வண்டி. ஊர் ஊராகச் சுற்றி, மூட்டை ஏற்றி, புழுதி குடித்து வந்து நின்ற வண்டி. வீட்டுக்குத் திரும்பிய வண்டியை அவள் கவனித்ததே இல்லை. போட்டோ பொய் சொல்லவில்லை. ஆனாலும் அது அண்ணியின் வண்டி இல்லை.

"அம்மா, விடும்மா. அத்த எவ்ளோ கஷ்டப்பட்டு..." என்று புனிதா குறுக்கே வந்தாள்.

அமலா காதில் வாங்கவில்லை. வண்டியைக் கையில் எடுத்தாள். ஈரத் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். கதவின்மேல் வைத்து ஒரு இழு இழுத்தாள்.

வெனிலாவின் உயிரே துணியோடு போனது. ஏழு மாத உழைப்பு. வார்னிஷ் ஏறாத செம்மண், தூசி, சேற்றுத் தடம் எல்லாம் அந்த ஒரு இழுப்பில் வழிந்து, அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்த்தது. 'அண்ணி' என்று கத்த வாயெடுத்தவள், அமலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அமலா அழுதுகொண்டிருந்தாள். அடக்கத்தன்று வராத அழுகை. சத்தமில்லாமல், மூக்கிலும் வாயிலும் வழிய வழிய, துடைத்துக்கொண்டே அழுதாள்.

"அன்னிக்கி ஒரு நாளுதான்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "அந்த சனிக்கெழம. வந்து எறங்கனாரு. மூஞ்சி ஒரு மாதிரியா இருந்துச்சி. அமலா, நீ ரெண்டு வாளி ஊத்திக் குடு, எனுக்கு கை ஓயுதுன்னாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ஒரு நாளு கழுவலன்னா உன் வண்டி அழுதுக்கினா இருக்கப் போவுது, வந்து சோத்தத் தின்னுன்னேன். அவரு திரும்பித் திரும்பி வண்டியப் பாத்துக்கினே உள்ள வந்தாரு. சாப்ட்டாரு. படுத்தாரு."

புனிதாவின் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. அவளுக்கும் இது தெரியாது.

"ரெண்டே வாளித் தண்ணிதான கேட்டாரு. அத ஊத்தல நானு. அப்புறமா அத நானே கழுவிடணும்னு தெனமும் துணிய எடுத்துக்கினு ஏறுவேன். ஏறுனா கை வராது. கழுவிட்டா அவரு கைப்பட்ட மண்ணும் பூடுமே. நாளைக்கி கழுவிக்கலாம், நாளைக்கி கழுவிக்கலாம்னு... அதுக்குள்ள நீ அழுக்கு வண்டியாவே அனுப்பிட்ட."

ஊர் பைத்தியம் என்று சொன்னது இதைத்தான். மடித்துப் பிரித்த துணி எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. பெற்ற மகளும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவளும் கேட்கவில்லை. வெனிலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டிருக்கணும் அண்ணி. வண்டியில ஏறி உங்க பக்கத்துல குந்திக்கினு, என்னா அண்ணின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம வித்துட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

மன்னித்தேன் என்று சொல்லிக்கொள்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அமலா வண்டியைத் திருப்பிப் பிடித்துப் பின்சக்கரத்தைத் துணியால் குடைந்தாள். இடுக்கில் துணி போகவில்லை.

"இங்க பூற மாட்டேங்குதே" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வெனிலா பையைத் துழாவினாள். காது குடையும் பட்ஸ் இருந்தது. ஒன்றை நனைத்து நீட்டினாள். பிறகு தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். கல்லறையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒரு சாண் லாரியை நடுவில் வைத்துக்கொண்டு, நாத்தனாரும் அண்ணியும் அதைக் கழுவினார்கள். புனிதா ஓடிப்போய் நல்ல தண்ணீர் பிடித்து வந்தாள். அமலா அதில் கையைக் குவித்து எடுத்து, வண்டியின் தலையில் ஊற்றினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. இரண்டாவது கைத் தண்ணீர் வழிந்து முடிகிற வரைக்கும் அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

*

துருப் புள்ளிகள் மட்டும் போகவில்லை. அது பெயிண்ட். தண்ணீருக்கு மசியாது.

"இது வேற. மீனு செதில் மாதிரி ஒட்டிக்கினு கெடக்குது" என்றாள் அமலா.

"அதுக்கு தின்னர் வேணும் அண்ணி. பையில இருக்குது. ஆனா மேஜ வேணும், இங்க முடியாது."

அமலா எழுந்து முட்டி மண்ணைத் தட்டினாள். துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "அப்போ ஊட்டுக்கு வா. இங்க வெயில்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற? காலைல தின்னியா இல்லியா? மூஞ்சியப் பாரு, காஞ்ச கருவாடு."

புனிதா அத்தையின் கையைப் பிடித்து நசுக்கினாள். வெனிலா வண்டியைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

வாசலில் அமலா முதலில் ஏறினாள். வெனிலா படியருகே ஒரு கணம் தயங்கினாள். "பாதையில நின்னுக்கினு பேஜாரு பண்ணாத, உள்ள வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து வேலை நடந்தது. தின்னர் தொட்டுத் துருவை எடுத்தாள். எடுத்த இடத்தில் நீலம் தொட்டாள். அமலா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சோற்றுத் தட்டு காய்வதையும் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"டிரைவர் கதவுல நீலம் இவ்ளோ அழுத்தமா இருக்காது. துடச்சித் துடச்சி வெளுத்துப் பூடுச்சி. கைப்பிடி ஓரத்துல உள்ள தகரமே தெரியும்."

வெனிலா இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்தாள். நீலம் வெளிறியது.

"இன்னும் கொஞ்சம். ஆங், அவ்ளோதான். முன்னாடி எழுத்துல 'மாதா' பளிச்சினு இருக்கும். 'துணை' கொஞ்சம் மங்கிடுச்சி. அந்தப் பக்கந்தான் அழுத்தித் தேய்ப்பாரு."

அதையும் தேய்த்தாள். இதுவும் வெதரிங்தான். ஆனால் இப்படி ஒரு வெதரிங்கை அவள் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. வெயிலும் மழையும் தின்ற பெயிண்ட் இல்லை இது. ஒரு மனுசன் கை தின்ற பெயிண்ட். பம்பரின் நடுவில், பலகைக் கதவின் விளிம்பில், கண்ணாடியைச் சுற்றி என்று அண்ணன் கை போன இடமெல்லாம் அண்ணிக்கு மனப்பாடமாக இருந்தது. அவள் சொல்லச் சொல்ல, அந்த வண்டியின்மேல் மரிய அருண் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தான்.

கடைசியில் வெனிலா மேல்கூரைக்கு வந்தாள். உப்புத்தாளை வைக்கப் போனாள்.

"அங்க தேய்க்காத" என்றாள் அமலா.

"ஏன் அண்ணி?"

"அங்க அவருக்குக் கை எட்டாது. ஸ்டூல் போட்டுக்கினு கழுவுங்கன்னா ரோசம் வந்துடும், நான் என்னா குள்ளனான்னு கேப்பாரு. பன்னெண்டு வருசமா அந்தக் கூர கழுவுனதே இல்ல." அவள் முகத்தில் ஏதோ நெகிழ்ந்தது. முதலில் இருமல் மாதிரி வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. "அங்க மட்டும் உன் செம்மண்ண போடு. நல்லா போடு."

வெனிலா சலித்த மண் டப்பாவைத் திறந்தாள். அமலா அதில் விரலை விட்டு, ஒரு சிட்டிகை எடுத்து, கூரையின்மேல் தானே தூவினாள்.